சக்கரத்தைப் பிடித்த விரல்

போன வாரம் அக்காவின் கையிலிருந்து டம்ளர் விழுந்த இடத்தில் கதையை விட்டுவிட்டு வந்தோம். டம்ளருக்கு ஒன்றும் ஆகவில்லை, எவர்சில்வர். அக்காவுக்குத்தான் ராத்திரி கண்ணை மூட முடியவில்லை.

ஞாபகம் இருக்கும். பலரைச் சேர்த்துக் கச்சேரி நடத்துகிற பியானோக்காரர் போன் செய்து, "நாளைக்குச் சாயங்காலம் அரங்கத்துக்கு வந்து பாடிக் காட்டும்மா. சுருதி பழைய கட்டைதானே?" என்று கேட்டார். தங்கை சின்னக் குழந்தை மாதிரி குதித்துக்கொண்டு, "அதே அஞ்சரைதான் சார்" என்று சொல்லிவிட்டாள். மனசறிந்து அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பொய் அக்காவுடையது. அதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்க வந்தவர்கள் முழிக்கக் கூடாது பாருங்கள்.

தங்கைக்கு வீட்டில் சிட்டு என்று பெயர். மேடையில் பாடுகிறவள். தொண்டையில் இருந்த ஒரு முடிச்சை டாக்டர் எடுத்துப் போட்ட பிறகு, பழைய உயரத்துக்கு அவள் குரல் ஏறவில்லை. ஏறப் பார்க்கும், கிறீச்சிடும், அழுவாள். அக்காவுக்குக் கீபோர்டுகளுக்குச் சத்தம் செய்து கொடுக்கும் தொழில். தங்கையின் பயிற்சிக்கென்று போன வருஷமே 'சிட்டு' என்ற பெயரிலேயே ஒரு சத்தம் செய்து தன் கீபோர்டில் சேமித்து வைத்திருந்தாள். அந்தச் சத்தத்தின் சுருதியை, யாருக்கும் சொல்லாமல், தினமும் ஒரு மயிரிழை இறக்கிக்கொண்டே வந்தாள். அரைக் கட்டையை நூறு துண்டாக்கினால் ஒரு துண்டுக்கு சென்ட் என்று பெயர். இன்றைக்கு இரண்டு சென்ட், நாளைக்கு மூன்று சென்ட். தங்கை அதே ஐந்தரைக் கட்டையைத்தான் விரலால் அழுத்தினாள். வந்த சத்தம் மட்டும் மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் நாலரைக் கட்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே அவள் தொண்டைக்கு நிழல் கிடைத்தது. ஒருநாள் முழுப் பாட்டையும் கிறீச்சில்லாமல் பாடி முடித்து, "வந்துடுச்சுக்கா!" என்று கட்டிக்கொண்டு அழுதாள். அக்காவும் அழுதாள்.

இப்போது பியானோ வருகிறது. பியானோவின் சுருதியை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக இறக்கி வைக்க முடியாது.

* * *

காலையில் ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. எதிர்வீட்டுச் சுவர் கூட இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. மாடி அறையில் வயர்களுக்கு நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவளை மாப்பிள்ளை, அதாவது தங்கையின் புருஷன், 'திருகாணி' என்று கூப்பிடுவான். சும்மா இருக்கும்போது கூட அவள் விரல் எதையாவது திருகிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு ரவிக்கையின் நூலைத் திருகிக்கொண்டிருந்தது.

லேட்டு வந்தான். மேடையில் கீபோர்டு வாசிக்கிறவன், எங்கேயும் நேரத்துக்கு வராததால் அந்தப் பெயர்.

"அக்கா, என் புல்லாங்குழல் சத்தம் தண்ணி போட்ட மாதிரி ஆடுது. நேத்து எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாங்க."

"நீ தண்ணி போட்டிருந்தியா?"

"சத்தியமா இல்லக்கா!"

அவன் கொண்டு வந்த பென்டிரைவைச் செருகி அக்கா ஒரு கட்டையை அழுத்தினாள். புல்லாங்குழல் பிறந்த நொடியிலிருந்தே நடுங்கியது.

"பாரு, பொறந்த உடனே ஆடுது. ஊதறவன் முதல்ல நேரா ஊதுவான்டா. மூச்சு ஒரு இடத்துல நின்ன பிறகுதான் லேசா அசைப்பான். இங்க யாரோ தாமதத்தை சைபர் பண்ணி, ஆழத்தை வானத்துக்கு ஏத்தியிருக்காங்க."

"யாரோ இல்லக்கா. நான்தான்."

"அதானே பார்த்தேன்."

வேகம், ஆழம், தாமதம். சத்தத்தின் சுருதியை அசைக்க இந்த மூன்றும் போதும். எவ்வளவு சீக்கிரம் அசைவது, எவ்வளவு தூரம் விலகுவது, எப்போது ஆரம்பிப்பது. அக்கா இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சின்ன வயசில் அவளும் சிட்டுவும் டேபிள் ஃபேன் முன்னால் வாயை வைத்துக்கொண்டு 'ஆ...' என்று கத்துவார்கள். குரல் துண்டு துண்டாகத் திரும்பி வரும். ஃபேனைக் கூட்டினால் நடுக்கம் கூடும், முகத்தைத் தள்ளி வைத்தால் குறையும். இன்றைக்கும் குமிழைத் திருகும்போது அந்த ஃபேன் காற்று அவள் முகத்தில் படுவது போல இருக்கும்.

அக்கா திருகி முடித்ததும் புல்லாங்குழல் நேராகப் புறப்பட்டு, கொஞ்சம் நின்று, பிறகு தண்ணீரில் நிழல் அசைகிற அளவுக்கு அசைந்தது. அறையே மெல்ல மிதக்க ஆரம்பித்தது. லேட்டு கண்ணை மூடிக்கொண்டான். அக்காவும் மூடிக்கொண்டாள். சாயங்காலம் என்று ஒன்று இருப்பதே அந்த நிமிஷம் மறந்து போயிற்று.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா போன வருஷம் நீங்க செஞ்சதுல ஆரம்பத்துல ஒரு வழுக்கல் இருக்கும்க்கா. கொஞ்சம் கீழேருந்து வந்து சேருமே."

"அந்த அளவெல்லாம் இப்ப ஞாபகத்துல இல்லடா."

"பழைய பிரதி வச்சிருப்பீங்களே?"

வைத்திருந்தாள். போன வருஷத்துப் பிரதியை எடுத்துத் தன் கீபோர்டில் செருகினாள். ஒரு சத்தத்தை மட்டும் ஏற்றவா, எல்லாவற்றையுமா என்று திரை கேட்டது. அக்காவின் மனசு அரங்கத்தில், பியானோவுக்குப் பக்கத்தில், தங்கை வாயைத் திறக்கிற இடத்தில் இருந்தது. எல்லாவற்றையும் என்று அழுத்தினாள். லேட்டுவின் பழைய புல்லாங்குழல் கிடைத்தது. அவன் அதை வாங்கிக்கொண்டு, "நீங்க தெய்வம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

* * *

மத்தியானம் அக்காவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கீழே தங்கை தலைக்குக் குளித்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று பியானோக்காரருக்கு வணக்கம் வைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளையின் கண்ணாடிக்கடைக்கு நடந்தாள்.

அவன் ஒரு பெரியவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தான். கனமான சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டான். "ரெண்டும் ஒண்ணுதான்பா" என்றார் அவர். அவர் போன பிறகு, வாடிக்கையாளர் நாற்காலியில் அக்கா உட்கார்ந்தாள்.

"என்னக்கா, உங்களுக்கும் மங்கலா தெரியுதா?"

அவ்வளவுதான், கொட்டிவிட்டாள். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே ஒரே வில்லையைத் துடைத்தான், மறுபடியும் துடைத்தான்.

"அன்னிக்கு அவ பாடினப்போ நானும் கைதட்டினேனே அக்கா."

"தெரியும்."

"தெருவுக்கே கேக்கற மாதிரி தட்டினேன்." அவன் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைக் காட்டினான். "இங்க வர்றவங்ககிட்ட தினமும் சொல்றேன், நம்பர் ஏறியிருக்குன்னு. யாரும் செத்துப் போயிடறதில்ல. முகம் சுண்டும். அப்புறம் கண்ணாடி மாத்திக்கிட்டுப் போயிடுவாங்க. நம்பரையே சொல்லாம, அந்தப் பலகையில எழுத்தைப் பெருசா அச்சடிச்சு மாட்டி, 'ஆகா, உங்க கண்ணு பிரமாதம்'னு நான் அனுப்பி வச்சா எப்படி இருக்கும்? அந்த ஆளு நேரா ரோட்டுக்குத்தானே போவாரு?"

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"நான் சொல்லிடறேன். இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம். செஞ்சது நான்."

திரும்பி நடக்கும்போது தூறல் விழுந்தது. விழுந்தது என்று கூடச் சொல்ல முடியாது, காற்றில் நின்றது. சைக்கிள்கள் சத்தமில்லாமல் கடந்து போயின. அக்கா என்ன சொல்வது என்று வாய்க்குள்ளே பாடம் செய்துகொண்டே போனாள். 'சிட்டு, ஒரு விஷயம்.' அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. வீடு வந்துவிட்டது.

* * *

இந்த நேரத்துக்கு வாசலிலேயே பாட்டு கேட்க வேண்டும். கேட்கவில்லை.

மாடி அறையில் ஃபேன் மட்டும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கை கீபோர்டு ஸ்டாண்டின் காலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். குளித்த தலை இன்னும் காயவில்லை. மடியில் போன்.

"போயிடுச்சுக்கா."

"என்னடி போயிடுச்சு?"

"குரல். நேத்து வரைக்கும் இருந்துச்சு. இப்போ பாடினேன், பழையபடி கிழியுது. தண்ணி குடிச்சுப் பார்த்தேன். படுத்து எழுந்து பார்த்தேன். மேல போகவே மாட்டேங்குது." அவள் அழக் கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "சார்கிட்ட வரலைன்னு சொல்லிடப் போறேன். இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே பாட்டே வேண்டாம்க்கா. ஒரு தடவை போனதைத் தாங்கிட்டேன். ரெண்டாவது தடவை என்னால ஆகாது."

அக்கா திரையைப் பார்த்தாள். 'சிட்டு' என்ற பெயர். கீழே சுருதி என்ற இடத்தில் சைபர்.

ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு லேட்டு, பழைய பிரதி, 'எல்லாவற்றையும்' என்று அழுத்திய விரல், ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. போன வருஷத்துச் சத்தங்கள் எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன, தங்கையின் சத்தமும் சேர்ந்து. இவ்வளவு நாள் துளித்துளியாக இறக்கியது ஒரே மூச்சில் மேலே ஏறிவிட்டது. பாவம், இந்தப் பெண் அது தெரியாமல் நிஜமான ஐந்தரையில் போய் முட்டிக்கொண்டிருக்கிறாள்.

தொழில்காரியின் கை சும்மா இருக்குமா? அக்காவின் விரல் தானாகக் குமிழுக்குப் போனது. பழையபடி இறக்கிவிட்டு, 'வெந்நீர் குடிச்சுட்டுப் பாடுடி' என்றால் போதும். பாடுவாள், சிரிப்பாள், கிளம்புவாள். ரோட்டுக்குப் போவாள், பெரிய எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு.

அக்கா விரலை எடுத்துக்கொண்டாள்.

"சிட்டு, உன் குரல் இன்னிக்கு இறங்கல. பெட்டிதான் ஏறிடுச்சு."

"என்ன சொல்றே?"

அக்கா தரையில் எதிரே உட்கார்ந்து சொன்னாள். பாடம் செய்த வார்த்தை ஒன்றும் உதவவில்லை. இரண்டு சென்ட், மூன்று சென்ட் என்று ஆரம்பித்து நாலரைக் கட்டையில் வந்து முடித்தாள். ஃபேன் அங்கும் இங்கும் திரும்பியது.

"அப்போ அன்னிக்கு? வந்துடுச்சுன்னு நான் உன்னைக் கட்டிக்கிட்டு அழுதேனே. நீயும் கூடச் சேர்ந்து அழுதியே?"

"அது நிஜமான அழுகைதான்டி."

"வாயை மூடு!" தங்கை எழுந்து நின்றாள். "நல்லா என் காதுல பூ சுத்தினேக்கா. சுத்தறது மட்டுமா, தினமும் தண்ணி வேற தெளிச்சிருக்கே. நான் முட்டாள் மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், அஞ்சரை வந்துடுச்சுன்னு. காய்கறிக் கடைக்காரன் கிட்ட கூடச் சொன்னேன்!"

"நீ சாப்பிடாம கிடந்தே. பேசாம கிடந்தே. எனக்கு வேற வழி தெரியல."

"சொல்லியிருக்கலாம்!"

"ஆமா, சொல்லியிருக்கலாம்."

படியில் தடதடவென்று சத்தம். மாப்பிள்ளை மூச்சிறைக்க வந்து நின்றான். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளா? கடையைச் சாத்திய அவசரத்தில் சோதனைச் சட்டத்தை நெற்றியில் ஏற்றி மாட்டியபடியே ஓடி வந்திருந்தான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான்.

"சொல்லியாச்சா?"

"உங்களுக்கும் தெரியுமா?" என்றாள் தங்கை.

"இன்னிக்கு மத்தியானம்தாம்மா தெரியும். சத்தியமா. அதுக்கு முன்னாடி எனக்குப் பாட்டுல என்னிக்கு என்ன தெரிஞ்சிருக்கு?"

"நெத்தியில என்னங்க அது?"

அவன் தொட்டுப் பார்த்தான். "அய்யய்யோ, கடை சாமான்." அதைக் கழற்றவும் இல்லை, கையை அதிலிருந்து எடுக்கவும் இல்லை. தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. இருவரும் அவளைத் தொடவில்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனியா மழையா என்று சொல்ல முடியாத வெளிச்சம், அறை முழுக்க நீலமாக இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கை கீபோர்டுக்கு வந்தாள்.

"எங்க இருக்கேன்னு எனக்கே தெரியணும். நீ சொல்லாதே. இந்தச் சக்கரம் எதுக்கு?"

கட்டைகளுக்கு இடது பக்கம் இரண்டு சின்னச் சக்கரங்கள் இருந்தன. ஒன்று சத்தத்தை நடுங்க வைப்பது, விட்ட இடத்தில் நிற்கும். இன்னொன்று சுருதியை வளைப்பது, கையை எடுத்தால் வில்போலத் துள்ளி நடுவுக்குத் திரும்பிவிடும். அவள் இரண்டாவதைத்தான் கேட்டாள்.

"கீழே இழுத்தா சுருதி இறங்கும். முழுசா இழுத்தா ஒரு கட்டை."

தங்கை ஐந்தரைக் கட்டையை அழுத்தினாள். திரை பொய் சொல்லவில்லை, சைபர்தான். கண்ணை மூடிக்கொண்டு, சக்கரத்தை மெதுவாக இழுத்துக்கொண்டே 'ஆ' என்று பாடினாள். சத்தம் வழுக்கி இறங்கியது. குரல் கூடவே இறங்கியது, கரகரத்தது, ஒரு இடத்தில் தடுக்கி விழப் போனது. அவள் நிற்கவில்லை, இன்னும் இழுத்தாள். கரகரப்பு ஒவ்வொரு நூலாக விட்டுப் போனது. சக்கரம் கடைசி வரைக்கும் போய் நின்ற இடத்தில் குரலும் நின்றது.

"இங்கதான்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

அக்கா இத்தனை நாளாகத் திருட்டுத்தனமாக வந்து சேர்ந்த அதே இடம். அக்கா சக்கரத்தைப் பார்த்தாள்.

"விட்டா மேல ஓடிடும்டி" என்றாள்.

"அப்போ விடாதே. நீ பிடி. நான் பாடறேன்."

அக்கா ஒரு கையால் கட்டையையும் மறுகைக் கட்டைவிரலால் சக்கரத்தையும் பிடித்துக்கொண்டாள். தங்கை நிமிர்ந்து நின்று பாடினாள். பழைய ஐந்தரையில் அவள் குரலுக்கு ஒரு பளபளப்பு இருந்தது, அது இங்கே இல்லை. அதற்குப் பதிலாக நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற ஒரு கனம் இருந்தது. ஒவ்வொரு ஸ்வரத்திலும் கொஞ்சம் கீழேயிருந்து வந்து சேர்ந்தாள், நேராக நின்றாள், நின்ற பிறகுதான் அசைந்தாள். ஃபேன் இவள் பக்கம் திரும்பும்போது குரல் சிலுசிலுவென்று உதறியது. மாப்பிள்ளை சுவரோரம் உட்கார்ந்து, சட்டத்தை ஒருவழியாகக் கண்ணுக்கு இறக்கிவிட்டுக்கொண்டு அழுதான். கைதட்ட மறந்துவிட்டான். அக்காவுக்கும் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

பாட்டை முடித்ததும் தங்கை போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், நேத்து உங்ககிட்ட அஞ்சரைன்னு சொன்னேன். அது தப்பு சார். எனக்கு இப்போ நாலரைதான்."

பியானோக்காரர் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரியும். சொன்ன சொல்லை மாற்றுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"கூடப் பாடறவங்க எல்லாரும் அஞ்சரையில பாடம் பண்ணி முடிச்சாச்சு. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

பிறகு பியானோவின் மரமூடி திறக்கிற சத்தம். ஒற்றை ஸ்வரம், தூரத்திலிருந்து, அழுத்தமாக வந்தது. பழைய ஐந்தரை. அவர் காத்திருந்தார்.

தங்கை வாயைத் திறக்கவில்லை. "கீழ சார்" என்றாள்.

இன்னொரு ஸ்வரம்.

"இன்னும் கீழ."

மூன்றாவது ஸ்வரம் வந்தது. அக்காவின் விரலுக்கடியில் இருந்த சத்தமும் அதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. தங்கை மெல்ல, ஒரு கை தூரத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்பது போல, அதன் மேல் குரலை வைத்தாள். பியானோ நாலைந்து ஸ்வரம் அவளோடு நடந்து வந்தது. பாட்டின் முதல் வரி முடிவதற்குள் நின்றது. போன் கட்டாகிவிட்டது.

"வரச் சொன்னாரா, வேண்டாம்னாரா?" என்றான் மாப்பிள்ளை.

"ஒண்ணும் சொல்லல."

"அப்போ?"

"போய்க் கேட்டுக்கலாம். எந்திரிங்க, அதைக் கழட்டுங்க முதல்ல." அவள் தலையை முடிந்துகொண்டாள். படி இறங்கப் போனவள் நின்று அக்காவைப் பார்த்தாள். "உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. அது தனி. வந்து வச்சுக்கறேன்."

"சரி."

"இன்னும் எதுக்கு அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கே? விடு. போதும்."

கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. அக்கா விட்டாள். சக்கரம் துள்ளி நடுவுக்கு வந்தது, சத்தம் ஒரே தாவலில் பழைய ஐந்தரைக்கு ஏறி அங்கே நின்றது.

தங்கை அதைக் கேட்டாள். துரத்திக்கொண்டு போகவில்லை. வாசலில் அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் சத்தம் மேலே வரைக்கும் வந்தது, கூடவே நாலரைக் கட்டையில் ஒரு முணுமுணுப்பும்.